வெண்டியக்காவுக்கு வந்த காய்ச்சல்

ஜெரோம்,

நீ பிறந்ததிலிருந்து உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த காலமெல்லாம் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அதெல்லாம் துரைமாருக்கும் யூனியன்காரர்களுக்கும் அரசாங்கத்துத் தொழில் திணைக்களத்துக்கும் எழுதியது. பெற்ற மகனுக்கு எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. நீ கண்டியில்தான் இருக்கிறாய். இங்கே அலுவிகாரையில் மத்தியானம் பஸ் ஏறினால் தேநீர் நேரத்துக்குள் உன் வாசலில் நிற்கலாம். போனும் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்ல உன் எதிரில் உட்கார எனக்கு முகமில்லை. போனில் சொன்னால் பாதியில் தொண்டையைச் செருமிக்கொண்டு மிளகுக்கொடியைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் தகப்பன் மகனுக்கு நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. நடந்த ஒரு சங்கதியை நடந்தபடியே எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். மற்றப் பாதி நீ வீட்டில் இல்லாதபோது நடந்தது. அதுதான் என்னை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது.

போன வருசம் மழைக்காலத்தில் உனக்கு அந்த வேலை வந்தது. வெளிநாட்டு நாடகங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதிக் கொடுக்கும் வேலை. அதற்கு முன்பும் கொழும்புக் கம்பனிக்காக மிருகங்களைப் பற்றிய படங்கள், சமையல் போட்டிகள் என்று செய்துகொண்டிருந்தாய். அவற்றை நான் எட்டிப் பார்த்ததும் இல்லை. இந்த முறை வந்தது இங்கிலாந்திலிருந்து ஒரு சிரிப்பு நாடகம். ஆறு பகுதி. முதல் பகுதியை முடித்த அன்று என்னிடம் வந்து, "அப்பா, எழுத்துப் பிழை மட்டும் பாத்துத் தாங்களேன், உங்க கண்ணுல பட்டா ஒரு புள்ளி கூடத் தப்பாது" என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

வட இங்கிலாந்தில் ஏதோ ஒரு கடற்கரை ஊர். எந்நேரமும் மழை. அங்கே மூன்று பெண்கள் சேர்ந்து சலவைக் கடை நடத்துகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய வெண்டி, அவளுடைய தங்கை, இருவரையும் பெற்ற தாய். வெண்டியை விட்டுப் பிரிந்துபோன புருசன் வெள்ளிக்கிழமை தவறாமல் தன் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்கு வருவான். வேறு கடைகளில் கஞ்சி சரியாகப் போடுவதில்லையாம். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஊரிலுள்ள எல்லாருடைய அழுக்கும் அங்கே வருவதால் எல்லாருடைய வண்டவாளமும் வெண்டிக்குத் தெரியும். பாதிரியார், பள்ளிக்கூட அதிபர், வங்கி மனேஜர் என்று அவள் வாய்க்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று பொம்பளைகள் நின்றுகொண்டு ஆம்பிளைகளை நக்கல் பண்ணுவதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று நினைத்தேன். அந்த எண்ணத்தோடுதான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு புள்ளிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் புருசன் கவுண்டரில் சட்டை மூட்டையை வைத்து, "நான் மாறிட்டேன் வெண்டி" என்றான். வெண்டி ஒரு சட்டையை எடுத்து உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் உன் தமிழ் வரி ஓடியது: "சட்டையத்தான் மாத்தியிருக்க. அதையும் நாந்தான் தொவைக்கணும்."

எனக்குப் புரை ஏறிவிட்டது. பிறகு பாதிரியார் வந்து, ஏலத்துக்குச் சாமான் சேர்ப்பதைப் பற்றி நீட்டி முழக்கிப் பேசிவிட்டுப் போனதும், வெண்டி தங்கையிடம் சொன்னாள்: "சாமி பேசி முடிக்கிறதுக்குள்ள பச்சக் கொழுந்து காஞ்சி, தூளாகி, கப்பலேறி, கோப்பைக்கே வந்துரும்." நம்முடைய பங்குக் கூட்டங்கள் கண்முன் வந்தன. கதிரையில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசியில் அந்தப் புருசனுக்கு வேலையிடத்துப் பெரிய மனேஜரிடமிருந்து போன் வருகிறது. அவன் துள்ளி எழுந்து விறைப்பாக நிற்கிறான். வெண்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: "எந்திரிச்சி நிக்கிறியே, அவரு போனுக்குள்ளாலயா பாக்குறாரு? அப்ப அந்த வகிட்டையும் கொஞ்சம் நேரா எடுத்துக்கிட்டுப் பேசு." அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்கயிருந்துடா ஒனக்கு இப்படித் தமிழ் வருது?" என்று கேட்டேன். நீ குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வருதுப்பா" என்றாய். உன் சிரிப்பில் வேறு ஒன்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த நேரம் அம்மா பிளேன் டீ கொண்டுவந்தாள். "என்னங்க, அப்பிடிச் சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள். நான் கோப்பையை வாங்கிக்கொண்டே, "ஒனக்கு வெளங்காது. இங்கிலீசு நாடகம்" என்றேன். அவள் "ஆமாங்க" என்று சொல்லி, காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தக் கடிதத்தில் எழுதக் கூசும் இடங்கள் பல உண்டு. அவற்றில் இதுதான் முதலாவது. பேனையை வைத்துவிட்டு வெளியில் போய் நின்று வந்துதான் இதை எழுதினேன்.

அதன் பிறகு நான் அந்த நாடகத்துக்கு அடிமையாகிவிட்டேன் என்பது உனக்கே தெரியும். நீ அடுத்த பகுதியை எப்போது முடிப்பாய் என்று உன் அறை வாசலைச் சுற்றிக்கொண்டு திரிவேன். செய்தி தவிர வேறொன்றும் பார்க்காதவன், வெண்டியின் தாய் பாதிரியாரின் கறுப்பு அங்கியைத் தெரியாமல் இளஞ்சிவப்பாக்கிவிட்டதை நினைத்து மாத்தளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே தனியாகச் சிரித்தேன். எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்பது சாட்டு. அந்தப் பெண்களின் வாயைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது பகுதி முடிந்தபோது, வெண்டியை எனக்கு நன்றாகத் தெரியும், எங்கோ பழகியிருக்கிறேன் என்றே தோன்றிவிட்டது.

பிறகு அந்தக் காலை. பென்சன் விசயமாக டவுனுக்குப் போனவன், ஆபீஸ் பூட்டியிருந்ததால் போன சுருக்கில் திரும்பிவிட்டேன். பின்பக்கமாக வந்தேன். குசினிக்குள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீ பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, இங்கிலீசில் இருப்பதை அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாய்.

"அந்த எடத்துல அவ கோவமா இருக்காளா மகன், கேலியா?"

"ரெண்டுந்தாம்மா."

"ரெண்டும்னா சத்தம் போட மாட்டா. மெதுவாத்தான் சொல்லுவா." கொஞ்ச நேரம் துருவினாள். பிறகு நாலு வார்த்தை சொன்னாள். நீ தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டே அதை அப்படியே எழுதிக்கொண்டாய். எனக்கு விளங்க ஆரம்பித்தது. அப்படியே திரும்பி முன்வாசலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"அந்தப் போன் வசனத்துக்கு அப்பா எப்பிடிச் சிரிச்சாரு பாத்தியா?" என்றாள் அம்மா. "தன்னையத்தான் சொல்றேன்னு அவருக்கு வெளங்கவே இல்ல." சொல்லிவிட்டு எழுந்து, தேங்காய்ப் பாதியைக் காதில் வைத்து, மற்றக் கையால் தலையை வாரிக்கொண்டு, என் குரலிலேயே "யெஸ் சேர், ரைட் சேர்" என்றாள். அச்சு அசல் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் பழைய துரை எப்போதாவது போன் எடுத்தால் நான் எழுந்து நிற்பவன்தானே. நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. உன் அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. பாலை இறக்கத் திரும்பியவள் என்னைக் கண்டாள். சிரிப்பு அந்தக் கணமே நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டீங்களா, டீ ஊத்தவா?" என்றாள்.

ஒரு மனுசியின் சிரிப்பு நம் முகத்தைக் கண்டதும் நின்றுபோவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. தெரியவே வேண்டாம்.

உன் அம்மாவை நான் எதற்காகக் கட்டினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை தராசைத் தட்டித் தட்டிக் குறைத்து நிறுத்தால், வரிசையில் நிற்கும் அத்தனை பெண்களும் பயந்து பேசாமல் நிற்பார்கள். இவள் ஒருத்தி மட்டும் ஏதாவது சொல்வாள். வரிசை முழுக்கச் சிரிக்கும். கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டு ஒழுங்காக நிறுப்பார். நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த வாய்க்காகத்தான், வீட்டார் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து அவளைக் கட்டிக் குவாட்டர்ஸுக்குக் கூட்டி வந்தேன். வந்த பிறகு, மற்ற ஸ்டாஃப் வீட்டுப் பெண்கள் வரும்போதெல்லாம் அவள் வாயைத் திறந்தால் எனக்குக் காது சுடும். "அப்பிடிச் சொல்லாத, இப்பிடிச் சொல்லு" என்பேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் "ஆமாங்க", "சரிங்க" என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். எதற்காகக் கட்டினேனோ அதையே வெட்டிவிட்டு, அடக்கமான பெண்சாதி என்று ஊரில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்காவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சோறு சாப்பிடும்போது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சத்தம் போடவில்லை. ஆபீஸ் குரலில், மெதுவாகச் சொன்னேன். "ஜெரோம், இந்தத் தமிழ மாத்து. லயத்துப் பேச்ச ஒலகம் பூரா படிக்க வைக்கப் போறியா?"

நீ கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டாய். "அப்பா, வெண்டி பேசுறதும் அந்த ஊரு லயத்துப் பேச்சுதான். அவ என்ன ராணி மாதிரியா பேசுறா? கம்பனியில இதத்தான் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"கம்பனிக்காரனுக்கு நம்ம குடும்பத்தப் பத்தி என்ன தெரியும்? நாளைக்கு நாலு பேரு இத யாரு எழுதுனதுன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"அம்மான்னு சொல்லுவேன்."

"அதுதான் வேணாங்குறேன்."

அம்மா பருப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பார்த்து, "அப்பா சொல்றபடி செய் மகன்" என்றாள். எனக்கும் ஒரு கரண்டி பருப்பு ஊற்றினாள். அதோடு முடிந்தது.

முதல் மூன்று பகுதிகள் ஏற்கனவே போய்விட்டன. மிச்சம் மூன்றை நானே உட்கார்ந்து திருத்தினேன். திருத்தம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். புருசன் சட்டையோடு வந்து கெஞ்சும் இடத்தில், "தாங்கள் மீண்டும் மீண்டும் இங்கு வருகை தருவது முறையல்ல" என்று எழுதி, அழகு பார்த்தேன். வெண்டி வாயைத் திறந்தால் தொழில் திணைக்களத்துக்கு அறிக்கை வாசிப்பது போல இருந்தது. அதை நீ மறுபேச்சில்லாமல் அனுப்பினாய். அடுத்த மாதம் கம்பனியில் உனக்கு என்ன சொன்னார்கள் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. அடுத்த தொடரைச் சென்னையில் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்டியில் ஆபீஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று பையைக் கட்டினாய். ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னோடு சண்டை பிடித்து மனதை ஆற்றியிருப்பேன்.

நீ போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அம்மா எப்போதும் போலத்தான் இருந்தாள். வேளைக்குச் சோறு, வேளைக்குத் தேநீர். முன்பாவது குசினிக்குள்ளிருந்து அவள் ஏதோ முணுமுணுப்பது கேட்கும். அதுவும் நின்றுவிட்டது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ கட்டப்போகும் ஷாமினியோடு அவளுடைய அப்பாவும் அம்மாவும் நாள் குறிப்பதற்காக இரத்தோட்டையிலிருந்து வந்தார்கள். நீயும் கண்டியிலிருந்து வந்திருந்தாய். அவர்கள் தோட்டத்து மனிதர்கள், கொழுந்தெடுத்து மகளை டீச்சராக்கியவர்கள். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஷாமினி, "மாமா, இவரு எழுதுன நாடகம் இப்ப நெட்டுல வந்திருச்சி, அம்மா பாக்கணும்னு ஆசப்படுறாங்க" என்று சொல்லி டீவியில் போட்டுவிட்டாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா எழுந்து கோப்பைகளை எடுக்கப் போனாள். ஷாமினி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

முதல் பகுதி ஓடியது. ஷாமினியின் அம்மா வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்துச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கொழுந்து கோப்பைக்கு வரும் இடத்தில் மகளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "அடியே, இது நம்ம பேச்சுல்ல! வெள்ளக்காரிக்கு நம்ம பேச்சு எப்பிடித் தெரியும்? யாரு இத எழுதுனது? மாப்புளையா?"

நீ என்னைப் பார்த்தாய். சொல்லட்டுமா என்று கேட்ட பார்வை அது. நான் தலையை அசைக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மேசையிலிருந்த வாழைப்பழச் சீப்பைச் சரிசெய்து வைத்தேன். உன் அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, இவந்தான் எழுதுனான். படிச்ச புள்ளல்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சேலை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் எழுதியதை அவளே இல்லை என்று சொன்னாள், என் முகத்துக்காக. நான் வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிரிப்பு மும்முரத்தில் நாலாவது பகுதிக்கு வந்துவிட்டார்கள். அது என் தமிழ். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் சத்தம் குறைந்தது. ஷாமினியின் அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய அப்பா மரியாதைக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷாமினிதான் கேட்டாள், கள்ளமில்லாமல். "என்ன அத்தை, வெண்டியக்காவுக்கு இன்னைக்கிக் காய்ச்சலா?"

என் காதிலிருந்து கழுத்துவரை பற்றி எரிந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப்பிள்ளை எல்லார் முன்னாலும் விழுந்துவிட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். பிறகு ஷாமினியிடம், "அந்த ஊருல எந்நேரமும் மழதானே, நனைஞ்சிருப்பா" என்றாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் என்னை ஒளித்துக் காப்பாற்றிவிட்டாள். நான் வெட்டிய அதே வாயால்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஷாமினி, நீ கைலேஞ்சியைக் கூட மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுத்தான் பையில் வைப்பாய், மூக்கு வடிந்தால் சட்டைக் கையில் துடைப்பாய் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாளே, அப்போது உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவர்கள் கிளம்பும்போது வாசல் கேட்டருகில் நீ அவளிடம், "பெரியவங்க முன்னால அப்பிடியெல்லாம் பேசாத" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அவள் "சரி" என்றாள். மகனே, அந்த வார்த்தை என்னுடையது. அந்தக் காதும் என்னுடையது. அம்மாவின் நாக்கை இங்கிலாந்துக்காரி வாயில் வைத்து ஊரையே சிரிக்க வைத்தவன் நீ. நீயே உன் வீட்டுக்காரியாக வரப்போகிறவளிடம் இதைச் சொல்கிறாய் என்றால், அதை எங்கே படித்தாய் என்று நான் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. காணி பூமி ஒன்றும் பெரிதாக உனக்கு நான் தரவில்லை. இது ஒன்றைத்தான் தந்திருக்கிறேன் போலிருக்கிறது. அதை இந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ. அவள் சொன்ன "சரி"யும் லேசான "சரி" இல்லை. அது எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும்.

நீ கண்டிக்குப் போன பிறகு அந்த முதல் மூன்று பகுதிகளையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அம்மாவின் குரலில் படித்தேன். சிரிப்பு வந்தது. பழையபடி வயிறு வலிக்க வந்தது. சிரித்து முடித்ததும் வெட்கத்தில் தலை குனிந்தது. குசினிக்குள் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், "மினா, அந்தச் சட்டை வசனம் நல்லா இருந்துச்சி" என்று சொல்ல எனக்கு எத்தனை அடி தூரம்? போகவில்லை. வேறு ஒரு வழியை யோசித்தேன். ஆபீஸ்காரன் புத்தி அப்படித்தான் போகும்.

அடுத்த கிழமை, சம்பந்தி வீட்டில் சேலை விசயம் பேச வேண்டும் என்று சொல்லி அவளை இரத்தோட்டைக்குக் கூட்டிப் போனேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்து உபசரித்தார்கள். ஷாமினியும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு நான் எழுந்து நின்றேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதைச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களே, அந்த மூணு பகுதியையும் சொல்லிக்குடுத்து எழுத வச்சது என்னோட சம்சாரம். மத்த மூணுலயும் வெண்டிக்குக் காய்ச்சல் வரவச்சது நான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்கு மானப் பிரச்சினையா இருந்துச்சி. மன்னிச்சிக்கங்க."

ஷாமினியின் அம்மா ஓடிவந்து உன் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சேன்! ஆம்பள எழுதுன மாதிரியே இல்லன்னு இவர்ட்ட சொன்னேன்" என்றாள். ஷாமினி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. வளைவுகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"யாரக் கேட்டு சொன்னீங்க?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"உண்மதான். அத நான் சொல்ல மாட்டனா?"

அவள் திரும்பினாள். "அன்னைக்கி அந்தப் பொம்பள கேட்டப்ப, வாயத் தொறக்காம இருந்தீங்க. இன்னைக்கி யாருமே கேக்கல, எந்திரிச்சி நின்னு பிரசங்கம் வைக்கிறீங்க. நான் பேசக்கூடாதுன்னு முடிவெடுத்ததும் நீங்க. நான் பேசுனேன்னு ஊருக்குச் சொல்றதும் நீங்க. எல்லாத்தையும் நீங்களே பேசி முடிச்சிட்டா எனக்கு எதுக்குங்க வாயி? வெத்தல போடவா?"

அவள் சத்தம் போடவில்லை. கோபமும் கேலியும் சேர்ந்தால் மெதுவாகத்தான் சொல்வாள் என்று அவளே உனக்குச் சொல்லியிருக்கிறாளே. ஆனால் முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்களுக்கும் கேட்டுவிட்டது. ஒருத்தி மற்றவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கொண்டக்டர் டிக்கட்டைக் கிழிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்பதைக் கூட நான் பெரிய மனுசத்தனமாகத்தான் செய்திருக்கிறேன். அவளிடம் கேட்க வேண்டியதைச் சபையில் கேட்டுக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, அவள் விளக்கைப் போட்ட பிறகு, குசினி வாசலில் நின்று அவளிடம் மட்டும் கேட்டேன். என்ன கேட்டேன் என்று எழுதவில்லை. அது உனக்கில்லை. அவள் தேங்காயை எடுத்து உடைத்தாள். பிறகு, "பாப்பம்" என்றாள். அவ்வளவுதான். இன்னும் அந்தப் "பாப்ப"த்தில்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் பின்னேரங்களில் இருவரும் சேர்ந்து அந்த நாடகத்தைப் பார்க்கிறோம். என் வரிகள் வரும் இடங்களில் அவள் திரையைப் பார்க்காமல் வெண்டியின் முகத்துக்குத் தன் பாட்டில் வசனம் சொல்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரிக்கிறேன். அவள் இன்னும் என்னோடு சேர்ந்து சிரிக்க ஆரம்பிக்கவில்லை. அதற்கு அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

ஒரு விசயம் கேட்டு முடிக்கிறேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் எழுந்து நாலு வார்த்தை பேசுவது நம்மவர்களின் பழக்கம். என் கையில் மைக்கைத் தர வேண்டாம். அம்மா பேசுவாளா என்று அவளிடம் நீயே கேள். போன் எடுக்கும்போது நேராக அவளுக்கு எடு, என் வழியாகக் கேட்காதே. பேச மாட்டேன் என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே. பேசுகிறேன் என்றால், என்ன பேசப் போகிறீர்கள் என்று முன்கூட்டிக் கேட்காதே. நானும் கேட்க மாட்டேன். என்னைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைக்கிறேன். மண்டபம் முழுக்கச் சிரிக்கும். எனக்கு முன்வரிசையில், எல்லாருக்கும் முகம் தெரியும்படியாக ஒரு கதிரை போட்டு வை.

அப்பா